மோனோ, டை, ட்ரை

மோனோ என்றால் ஒன்று. யூனி என்றாலும் ஒன்று. இருக்கிற ஒரு ஒன்றுக்கு எதற்கு இரண்டு பெயர் என்று தையல்நாயகிக்கு எரிச்சலாக வந்தது. முன்னது கிரேக்கம், பின்னது லத்தீன், இரண்டு வீட்டாரும் இங்கிலீஷுக்குச் சீர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள், நாம் இரண்டையும் சுமக்க வேண்டியதுதான் என்று வர்கீஸ் சார் முதல் வகுப்பிலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார். கோட்டயத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் பாடம் எடுக்கிறவருக்குச் சிரிப்பு வரும். நேற்று சாயங்காலம் நைட் டியூட்டிக்கு வந்து, காலை டியூட்டிக்காரி வராமல் போனதால் அவள் வேலையையும் சேர்த்து இழுத்துவிட்டு, இப்போது தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற மத்தியான பஸ்ஸில், சரியாக வெயில் விழுகிற பக்கத்து ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்திருக்கிறவளுக்கு எங்கிருந்து வரும். கண் எரிந்தது. கால் வீங்கிச் செருப்பின் வார் தோலில் பதிந்திருந்தது. கழட்டலாம், ஆனால் கழட்டினால் இறங்கும்போது மறுபடி மாட்ட வேண்டும், அதற்குத் தெம்பில்லை. கையில் போன். போனில் வர்கீஸ் சார் அனுப்பிய படம், ஒன்றிலிருந்து பத்துவரை எண்களும் கடைசியில் நூறும், பக்கத்தில் இரண்டு வரிசைப் பெயர்களும். சனிக்கிழமை பரீட்சை. நர்சுகளுக்கென்றே வைக்கிற இங்கிலீஷ் பரீட்சை அது, தேறினால் இங்கிலாந்தில் வேலை. எண்ணின் பெயர் தெரிந்தால் வார்த்தையின் பாதி கதவு திறந்துவிடும் என்பது சாருடைய கட்சி. பத்துவரை தப்பில்லாமல் சொல்லி, குரலைப் பதிவு செய்து, தினமும் அவருக்கு அனுப்பிவிட வேண்டும். நேற்றையது பாக்கி. மோனோ, டை, ட்ரை, டெட்ரா. மறுபடி முதலிலிருந்து. மோனோ என்றால் ஒன்று. ஒன்று என்று நினைத்ததும் மனசு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டது. மேலே நகரமாட்டேன் என்றது.

ஒன்று என்ற சொல்லே அவள் வாயில் ஒழுங்காக வந்ததில்லை. அதற்கு அம்மாதான் காரணம். மன்னார்குடிக் கடைத்தெருவில் அம்மாவுக்குப் பொரிகடலைக் கடை. படியால் பொரியை அள்ளும்போது முதல் படிக்கு ஒன்று என்று அம்மா சொல்லமாட்டாள். லாபம் என்பாள். லாபம், ரெண்டு, மூணு, நாலு. வியாபாரத்தில் முதல் சொல் மங்களமாக இருக்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் முன்னால் தையல்நாயகி விரல் நீட்டி, லாபம், ரெண்டு, மூணு என்று ஆரம்பித்தபோது வகுப்பே சிரித்தது. அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாம் எங்கே போனார்களோ, லாபம் மட்டும் போகவில்லை. துணி மடிக்கும்போது, இட்லி எடுத்து வைக்கும்போது, நோயாளியின் மாத்திரையை உள்ளங்கையில் தட்டும்போது நாக்கு தன்னாலே லாபம் என்றுதான் தொடங்கும். வார்டில் ஒரு தாத்தா, நான் மாத்திரை முழுங்குறதுல உனக்கு என்னம்மா லாபம் என்று கேட்டதை வைத்துக்கொண்டு மற்ற நர்சுகள் ஒரு மாசம் கேலி செய்தார்கள். கேலி செய்யட்டும். அம்மாவிடம் போய், உன் லாபத்துக்குக் கிரேக்கத்தில் மோனோ என்று பெயர் என்றால், போடி, நஷ்டத்துக்கு என்னன்னு கேட்டுட்டு வா என்பாள். அம்மா அப்படித்தான். இதை நினைத்தபோது சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, காலையில் லாபம் சொன்னதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். டை என்றால் இரண்டு. லத்தீனில் பை. பைலேட்டரல், இரண்டு பக்கமும். ட்ரை மூன்று, இரண்டு வீட்டிலும் ஒரே பெயர், அந்த மட்டுக்கும் புண்ணியம். நாலு, டெட்ரா, குவாட். ஐந்து, பென்டா, குவின். ஆறுக்கு லத்தீனில் உள்ள பெயரைச் சொல்ல வர்கீஸ் சாரே ஒருமுறை இருமினார். பிறகு வேகமாகச் சொல்லிவிட்டு ஏழுக்குத் தாவிவிட்டார். போனுக்கு அந்தப்பக்கம் இருந்த நர்சுகள் அத்தனை பேரும் சிரிப்பை அடக்கியது காதில் கேட்டது. பிரசவ வார்டில் பார்க்காததையா பார்த்துவிட்டோம், ஒரு எண்ணின் பெயருக்கு இத்தனை கூச்சம். பத்து, டெக்கா. நூறு, சென்ட். சென்ட் என்று படத்தில் பார்த்தபோது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏக்கருக்கு நூறு சென்ட், அந்த சென்ட்டா இது? மூன்று சென்ட் கொல்லைக்காக அவள் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. லத்தீனுக்காகவா அண்ணன் தம்பி அடித்துக்கொண்டார்கள். குவார்ட்டர் என்பதும் லத்தீனாம், நாலில் ஒன்று. அப்படிப் பார்த்தால் மன்னார்குடியில் பொழுது சாய்ந்தால் லத்தீன் பேசாத ஆம்பளையே கிடையாது. மோனோ, டை, ட்ரை. உதடு தன்னாலே அசைந்திருக்க வேண்டும். பக்கத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்த அம்மாள், "என்னம்மா முணுமுணுன்னு, சுலோகமா?" என்று கேட்டாள். "பரீட்சைக்குப் படிக்கிறேங்க." "இந்த வயசுலயா? படி படி. நான் ஏதோ கஷ்டத்துல வேண்டிக்கிறியோன்னு நெனச்சேன், மூஞ்சி அப்படி இருந்துச்சு." குழந்தையின் தலை சரிந்து தையல்நாயகியின் தோளில் விழுந்தது. அவள் அதை நகர்த்தவில்லை. வேர்வையும் பவுடரும் கலந்த வாடை. இரண்டு வயசு இருக்கும்.

சுகந்தியின் பிள்ளைகளுக்கு இந்நேரம் மூன்று மணி நேர வயசு. பதினோரு மணி சிசேரியன் கேஸ். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டானவள். இரட்டை. முதல் பிரசவக்காரியை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், பிரைமி என்பார்கள், அதுவும் லத்தீன்தான், முதலாவது என்று அர்த்தமாம், பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தும் போன வாரம்தான் அவளுக்கு அது தெரிந்தது. முதுகில் ஊசி போடக் குனிந்து உட்கார்ந்தபோது சுகந்தி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிகிற பிடி. "சிஸ்டர், நீங்க இங்கயே இருப்பீங்கல்ல?" "இங்கதாம்மா இருப்பேன்." முதலில் பெண், அடுத்து பையன், இரண்டும் வெளியே வந்து அழுதாகிவிட்டது. கர்ப்பப்பைதான் சுருங்கமாட்டேன் என்றது. ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. மாப் கொடு, மாப் கொடு என்று டாக்டர் மங்கையர்க்கரசி கேட்டுக்கொண்டே இருந்தார். வயிற்றுக்குள் வைத்து ரத்தம் ஒற்றி எடுக்கிற கெட்டித் துணிக்குத்தான் மாப் என்று பெயர், ஓரத்தில் நீல நூல் தைத்திருக்கும். ஐந்தைந்தாகக் கட்டி வரும். இரண்டு கட்டு போதாமல் மூன்றாவதையும் பிரித்தார்கள். பதினைந்து. எத்தனை உள்ளே போனதோ அத்தனையும் வெளியே வந்தால்தான் வயிற்றை மூட வேண்டும், இது தியேட்டரில் கால் வைத்த அன்றைக்கே சொல்லிக்கொடுக்கிற பாடம். ரெஜினாக்கா கை கழுவி டாக்டருக்குப் பக்கத்தில் நின்றாள். கூட நிற்க வேண்டிய சின்ன டாக்டர் வரவில்லை என்று தசையை விலக்கிப் பிடிக்கிற வேலையும் ரெஜினாக்கா தலையில்தான். வெளிவேலை தையல்நாயகிக்கு. கேட்டதை எடுத்துக் கொடுப்பது, பக்கெட்டில் விழுந்த துணிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விரித்த தாளில் வைத்து எண்ணுவது, எண்ணிப் பலகையில் எழுதுவது. எண்ணினாள். பதினைந்து என்றாள். "சரியா பாத்துட்டியா?" என்று டாக்டர் தலை நிமிராமல் கேட்டார். "சரியா இருக்கு மேடம்." வயிற்றை மூடினார்கள். சரியாகத்தான் இருந்தது. பலகையிலும் எழுதியாகிவிட்டது. எழுதிய பிறகு என்ன.

ஏழு, ஹெப்டா, லத்தீனில் செப்ட். எட்டு, ஆக்ட். ஒன்பது, நவம். பத்து, டிசம். இதை மறக்கவே மாட்டீர்கள் என்று வர்கீஸ் சார் சொன்னார், ஏனென்றால் காலண்டரிலேயே இருக்கிறது, செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். செப்டம்பர் ஏழாவதா, ஒன்பதாவது அல்லவா என்று ஒரு நர்சு கேட்டதற்கு, அந்தக் காலத்து ரோமாபுரியில் பத்தே மாசம்தான், மார்ச்சில் ஆரம்பம், பிறகு இரண்டு மாசத்தைச் சேர்த்தார்கள், பெயரை மட்டும் திருத்தாமல் விட்டுவிட்டார்கள் என்றார். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது ஆறுதலாக இருந்தது. இத்தனை நூறு வருஷமாக உலகம் முழுக்க ஒன்பதை ஏழு என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, எந்தக் குடி முழுகிவிட்டது? பள்ளிக்கூடம் நடக்கிறது, பொங்கல் வருகிறது, பிள்ளை பிறக்கிறது. எண்ணிக்கை பிசகினாலும் காலண்டர் பாட்டுக்குத் தேதி கிழிபடுகிறது. யாரோ ஒரு ரோமாபுரி குமாஸ்தாவுக்கு, அவனும் ராத்திரியும் பகலுமாக வேலை பார்த்தவனாக இருப்பான், பெயர் தப்பாக இருக்கிறதே என்று தோன்றியிருக்கும். அரசனிடம் போய் யார் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். போய்த் தூங்கியிருப்பான். தூக்கம். வீட்டுக்குப் போனதும் குளிக்காமல்கூட விழுந்துவிட வேண்டும். ஆனால் காலண்டருக்கு வயிறு கிடையாது என்று உடனே தோன்றியது. காலண்டருக்குக் காய்ச்சல் வராது. தன் புத்தியை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

போன் அடித்தது. வீட்டுக்காரர் புகழேந்தி. "பஸ் ஏறிட்டியா? சாப்டியா? நேத்து வாய்ஸ் அனுப்பலன்னு வர்கீஸ் சார் குரூப்ல உன் பேரப் போட்ருக்காரு, பாத்தியா?" "பாத்தேங்க." "வீட்டுக்கு வந்தா தூங்கிருவ. பஸ்லயே அனுப்பிரு. அப்பறம், சர்ட்டிபிகேட் என்னாச்சு? மேடம் கையெழுத்துப் போட்டாங்களா?" "நாளைக்குத் தர்றேன்னு சொல்லிருக்காங்க." "நாளைக்கு நைட்டுதானே உனக்கு, மறந்துறாம கேளு. பாப்பா எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியிறா, எங்கம்மா பிளேன்ல போவப்போறாங்கன்னு." அவர் வைத்துவிட்டார். நல்ல மனுஷர்தான், அதுதான் தொல்லை. இந்த ஒரு காகிதத்துக்காக இரண்டு வருஷமாக யாரையும் எதிர்த்துப் பேசாமல், போட்ட டியூட்டியை எல்லாம் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். பத்து வருஷம் வேலை பார்த்தாள், தியேட்டரில் கைதேர்ந்தவள், குறை ஒன்றும் இல்லை என்று டாக்டர் மங்கையர்க்கரசி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் பரீட்சையில் முதலாவதாக வந்தாலும் பிளேன் கிடையாது. போன வருஷம் ஒருத்தி ரத்தப் பையை மாற்றி எடுத்துவைத்தாள். ஏற்றக்கூட இல்லை, அதற்குள் பார்த்துவிட்டார்கள். அவள் போகும்போது சர்ட்டிபிகேட் இல்லாமல்தான் போனாள். இப்போது பட்டுக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள் என்று கேள்வி. குறை ஒன்றும் இல்லை. மேடம் நாளைக்கு அதில் கையெழுத்துப் போடுவார். இன்னும் ஒரு நாள். அதற்குள் எதற்கு இந்த மனசு பூனை மாதிரி சுற்றிச் சுற்றி அந்தப் பக்கெட்டையே மோந்துகொண்டிருக்கிறது.

சரி, எண்ணியே பார்த்துவிடுவோம். கண்ணை மூடினாள். பக்கெட்டுக்கு முன்னால் குந்தியிருந்தாள். இடுக்கி வலது கையில். முதல் துணியைப் பிடித்துத் தூக்கினாள், ரத்தம் சொட்டியது, லாபம் என்றாள். தாளில் வைக்கப் போனாள். வைத்தாளா? "தையலு, ஒரு நூல் குடு, சீக்கிரம்" என்று ரெஜினாக்கா குரல். அப்போது கையில் இருந்த துணி எங்கே போனது? தாளுக்கா, பக்கெட்டுக்கா? எழுந்தாள். கையுறை மாற்றினாள். நூல் பொட்டலத்தை உரித்து நீட்டினாள். அந்த மூலையில் பையன் குழந்தை வீல் வீலென்று அழுதான், பெண் குழந்தை அழவில்லையே என்று ஒரு பார்வை பார்த்தாள், அழுதது, திரும்பிவந்து குந்தினாள். லாபம் சொல்லியாகிவிட்டது. அதை எப்போதும் இரண்டாம் முறை சொல்வதில்லை. கற்பூரம் காட்டுகிற மாதிரி ஒரு தடவைதான், சொன்னால் சொன்னதுதான், அம்மா கடையில் நடுவில் ஆள் வந்து பேச்சுக் கொடுத்தாலும் திரும்பி வந்து ரெண்டு என்றுதான் தொடருவாள். ஆனால் அம்மா முதல் படியைக் கொட்டிவிட்டுத்தான் பேசப் போவாள். இவள் கொட்டினாளா? குந்தினதும் இடுக்கியால் ஒன்றைத் தூக்கி ரெண்டு என்றாள். அப்போது தாளில் ஏற்கெனவே ஒரு துணி இருந்ததா? தாளைக் கண்ணுக்குள் கொண்டுவரப் பார்த்தாள். பச்சைத் தாள். ஓரம் மடிந்திருந்தது. அதன்மேல் ஒரு துணி இருந்தது என்று நினைத்தால் துணி இருந்தது. இல்லை என்று நினைத்தால் தாள் வெறுமையாகக் கிடந்தது. நினைக்கிறபடியெல்லாம் அது மாறிக்கொண்டிருந்தது. வெறுமையாகக் கிடந்திருந்தால், முதல் துணியையே அவள் இரண்டாவது என்று எண்ணியிருக்கிறாள். பதினைந்து என்று சொன்னபோது தாளில் இருந்தது பதினாலு. மிச்சம் ஒன்று சுகந்தியோடு தைக்கப்பட்டுவிட்டது.

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. குழந்தை முனகியது, அந்த அம்மாள் தட்டிக்கொடுத்தாள். அறுத்த வயலில் உளுந்து காய்ந்து நின்றது, அதன்மேல் வெயில், வெயிலைத் தவிர ஆளில்லை. இருக்காது என்று தையல்நாயகி தனக்கே சொல்லிக்கொண்டாள். இருந்தால் டாக்டருக்குக் கையில் தட்டுப்பட்டிருக்கும். ரெஜினாக்கா பார்த்திருப்பாள். தூக்கமில்லாத மண்டை இல்லாததை எல்லாம் காட்டும், நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் போகும்போது அடுப்பை அணைத்தோமா என்றுகூடப் பயந்திருக்கிறாள், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அணைந்திருக்கும். ஆனால் அடுப்பென்றால் பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுவாள். இதற்கு ஏன் போடவில்லை? போடாததிலேயே தெரிகிறதே. மூன்று வருஷம் முன்பு வேறெங்கோ ஆபரேஷன் ஆன ஒருத்தியை இங்கே கொண்டுவந்தார்கள். ஓயாத காய்ச்சல், வயிறு பலகை மாதிரி, என்னவென்றே தெரியாமல் நாலு மாசம் மாத்திரை தின்றிருக்கிறாள். திறந்தபோது வந்த நாற்றத்தில் மயக்க டாக்டர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே இருந்து இழுத்தார்கள், நூல் நீலமாக இல்லை, கறுத்துப் போயிருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் என்ன? மறந்துவிட்டது. அவள் பிழைத்தாளா என்பதை மறக்கவில்லை. யாரோ ஒரு நர்சு அன்றைக்கு எண்ணியிருப்பாள். சரியாக இருக்கு என்று சொல்லியிருப்பாள். வீட்டுக்குப் போகும் வழியில் அவளும் ஏதாவது படித்துக்கொண்டு போயிருப்பாள். டெட்ரா, பென்டா, ஹெக்ஸா. சுகந்தியைத் தியேட்டரை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது அவள், "எல்லாம் முடிஞ்சிருச்சா சிஸ்டர்?" என்று கேட்டாள். முடிஞ்சிருச்சும்மா என்று இவள்தான் சொன்னாள். வாயில் இருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது. சொல்லிவிட்டால் பிளேன் போச்சு, புகழேந்தியின் முகம் போச்சு, பாப்பாவிடம் என்ன சொல்வது, ரெஜினாக்காவுக்கும் சேர்த்து வேட்டு. சொல்லாவிட்டால் இங்கிலாந்தில் குளிர் அறையில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இதையே எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, தனக்குத்தானே. அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளை, இன்னும் பால்கூடக் குடிக்கவில்லை. தையல்நாயகிக்கு அழுகை வந்தது. அழவும் சலிப்பாக இருந்தது. போனில் வர்கீஸ் சாரின் படத்தை மூடிவிட்டு ரெஜினாக்காவின் எண்ணை அழுத்தினாள்.

ஒரே மணியில் எடுத்துவிட்டாள் ரெஜினாக்கா. "சொல்லு தையலு."

"அக்கா, பதினோரு மணி கேஸோட துணியெல்லாம் போட்ட மஞ்சப் பை… குப்பை வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சா?"

"வண்டி வந்துட்டுப் போயிடுச்சு. மத்ததெல்லாம் குடுத்துட்டேன். அந்தப் பைய மட்டும் குடுக்கல."

"ஏன்க்கா?"

"நீ ஏன் கேக்குற?"

"எனக்கு எண்ணிக்கையில சந்தேகமா இருக்குக்கா. ஒரே துணிய ரெண்டு தடவ எண்ணிட்டேனோன்னு…"

"பதினாலுதான் இருக்கு தையலு," என்றாள் ரெஜினாக்கா. குரலில் கோபமே இல்லை. "நீ பஸ்ஸுக்குக் கெளம்புனதும் பிரிச்சுப் பாத்துட்டேன். மேடம் ஒண்ண கர்ப்பப்பைக்குப் பின்னால திணிச்சதப் பாத்தேன். எடுத்ததப் பாத்த ஞாபகம் இல்ல. நீ பதினஞ்சுன்னு சொன்னதும், அப்ப எடுத்துட்டாங்க போலன்னு இருந்துட்டேன். மனசு கேக்கல. ரெண்டு தடவ எண்ணியாச்சு."

"எனக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம்ல?"

"பண்ணி? உன் சர்ட்டிபிகேட்டு என் வாயாலயா கெடணும்? எனக்கும் ரிட்டயர்டு ஆவ ரெண்டு வருசம் இருக்கு. பையப் பாத்துக்கிட்டு ஸ்டூல்லயே உக்காந்துருக்கேன், சோறு தின்னல. நீ கூப்புடலன்னா என்ன பண்ணிருப்பேன்னு கேக்காத. எனக்கே தெரியல." மூக்கை உறிஞ்சினாள். "மேடத்துக்கிட்ட நான் சொல்லவா?"

"வேணாம்க்கா. எண்ணுனது நான். நானே சொல்றேன்."

பஸ் வடுவூருக்குள் நுழைந்திருந்தது. தோளில் இருந்த குழந்தையின் தலையை மெல்ல எடுத்து அதன் அம்மா மடியில் வைத்தாள். "என்னம்மா, மன்னார்குடின்னுதானே டிக்கெட் எடுத்த?" என்று அந்த அம்மாள் கேட்டாள். "திரும்பிப் போகணுங்க, வேலை பாக்கி." கண்டக்டர் ஏதோ சொல்லிக்கொண்டே விசில் கொடுத்தான். இறங்கினாள். தார் ரோட்டின் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. ரோட்டைக் கடந்து, தஞ்சாவூர் போகிற பக்கம் நிழலில்லாத இடத்தில் நின்றுகொண்டு டாக்டருடைய எண்ணை எடுத்தாள். அழுத்தவில்லை. ஒரு லாரி போனது. அது போகட்டும் என்று இருந்தாள். இன்னொரு லாரி போனது. இனி லாரி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, அழுத்தினாள்.

"மேடம், தையல்நாயகி பேசுறேன். பதினோரு மணி கேஸ்ல மாப் ஒண்ணு கொறையுது மேடம். நான்தான் தப்பா எண்ணிட்டேன். ரெஜினாக்கா பையப் பிரிச்சுப் பாத்துட்டாங்க, பதினாலுதான் இருக்கு. கர்ப்பப்பைக்குப் பின்னால வச்சது எடுக்கலையோன்னு சொல்றாங்க."

டாக்டர் மங்கையர்க்கரசி சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"பேஷண்ட்டுக்கு வாய்ல எதாவது குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல மேடம். சாயங்காலந்தான் தண்ணி."

"குடுக்க வேணாம்னு வார்டுக்கு உடனே சொல்லு. எக்ஸ்ரே எடுக்கச் சொல்றேன். மயக்க டாக்டரையும் நான் பாத்துக்கறேன்." மூச்சு விடுகிற சத்தம். "பின்னால வச்சது நான். எனக்கும் எடுத்த ஞாபகம் வரல. நீ எங்க இருக்க?"

"வடுவூர்ல மேடம். எறங்கிட்டேன்."

"வா. மத்தத எல்லாம் அப்பறம் பேசிக்கலாம், பேச வேண்டியது நெறைய இருக்கு. அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்றப்ப நீ என் பக்கத்துல நிக்கணும். தியேட்டர்லயும் வேற ஆள நான் கூப்புடப் போறதில்ல. எண்ணப் போறது நீதான்."

சரி மேடம் என்றாள். அதற்குள் அந்தப்பக்கம் வைத்தாகிவிட்டது. வார்டுக்குப் போன் போட்டுச் சுகந்திக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று சொன்னாள். என்ன விஷயம் என்று கேட்ட பெண்ணிடம் மேடம் வருவாங்க என்று மட்டும் சொன்னாள். புகழேந்தியின் பெயர் போனில் மறுபடி மின்னியது, பார்த்துக்கொண்டே இருந்தாள், அடங்கியது. பயம் போகவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்களே, ஒன்றும் இறங்கவில்லை, கால் முன்னைவிடக் கனத்தது. சுகந்தி பயந்தால் கையைத்தான் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தாள். இந்தத் தடவை அவள் கையைத் தருவாளா என்பது தெரியவில்லை. தஞ்சாவூர் பஸ் வந்தது. உட்கார இடமில்லை. படிக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.